மங்கும் மூலிகையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (வேதியியல்)

"கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் அந்தப் பழமொழியைச் சொல்லிக்கொண்டே முகத்தில் ஒரு கருந்திட்டு கண்டால் கலங்கிப்போகிறவர்களும் நாமே. பருவின் தழும்பு, வெயிலின் கருமை, பிள்ளைப்பேற்றுக்குப் பின் கன்னத்தில் படரும் மங்கு என்று தோலின் நிறமாற்றங்கள் பல. இவற்றைப் போக்க அம்மியில் அரைத்த மஞ்சள் முதல் கடையில் விற்கும் களிம்பு வரை எத்தனையோ பொருள்கள் உள்ளன. இப்போது அவற்றுள் பெரும்பாலானவை 'மூலிகை' என்ற பெயரோடுதான் வருகின்றன. இந்த மூலிகைச் சாறுகள் தோலில் உண்மையில் என்ன செய்கின்றன? எவை பயன் தரும்? எவை தீங்கு செய்யும்? இவற்றை வேதியியல் மாணவியின் கண்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நெற்குப்பையில் எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு இரு கன்னங்களிலும் மங்கு விழுந்தது. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில், அட்டையில் பச்சை இலைப் படமும் 'முற்றிலும் மூலிகை' என்ற வாசகமும் போட்ட ஒரு களிம்பை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். "காலேஜ் படிக்கிற புள்ள வாங்கியாந்தது, நல்லதாத்தான் இருக்கும்" என்று அக்கா அதை நம்பிப் பூசினாள். மூன்று வாரத்தில் முகம் பளிச்சென்று ஆயிற்று. தெருவே வியந்தது. மூன்றாவது மாதம் கன்னம் சிவந்து எரிந்தது, பூனைமயிர் வளர்ந்தது, களிம்பை நிறுத்தியதும் மங்கு முன்னிலும் கறுத்துத் திரும்பி வந்தது. அரசு மருத்துவமனையின் தோல் டாக்டர் பார்த்தவுடனே, "இதில் ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும்" என்றார். அட்டையில் இருந்த இலையைப் பார்த்தேனே தவிர, உள்ளே இருப்பது என்னவென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்று கேட்காத கேள்விகளை இன்று கேட்கிறேன்.

நிறம் பிறக்கும் இடம்

நம் தோலின் மேலடுக்கான புறத்தோலின் அடித்தளத்தில் 'மெலனோசைட்' எனப்படும் நிறமி உயிரணுக்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்னும் நிறமியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, தங்கள் கிளைகள் வழியாகச் சுற்றியுள்ள தோல் உயிரணுக்களுக்கு அனுப்புகின்றன. ஒரு நிறமி உயிரணு ஏறத்தாழ 36 தோல் உயிரணுக்களுக்கு இவ்வாறு நிறமி வழங்குகிறது. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இந்த நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு கிடையாது. பொட்டலத்தின் பருமனும், அது செய்யப்படும் வேகமும்தான் வேறுபடுகின்றன.

மெலனின் வீணாகப் படைக்கப்பட்டதன்று. அது தோல் உயிரணுவின் கருவுக்கு மேலே குடைபோல் கவிந்து, கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கிக்கொள்கிறது. வெள்ளைத் தோலினர் மிகுதியாகக் குடியேறிய ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் மிகுந்திருப்பதும், நம்மிடையே அது அரிதாக இருப்பதும் இந்தக் குடையின் அருமையைக் காட்டும்.

எனவே தோலின் இயற்கை நிறம் ஒரு நோயன்று. நோயென்றோ குறையென்றோ சொல்லத்தக்கது ஓரிடத்தில் மட்டும் நிறமி மிகுந்து திட்டாகப் படிவதுதான். மங்கு என்பது அத்தகையது. வெயில், பிள்ளைப்பேறு, கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவை அதைத் தூண்டுவன. பருவோ கொப்புளமோ புண்ணோ ஆறிய இடத்தில் எஞ்சும் கருமை மற்றொரு வகை. இனி நாம் பேசப்போவது இத்தகைய திட்டுகளைப் பற்றியே தவிர, மனிதரின் நிறத்தைப் பற்றி அன்று.

வாழைப்பூ சொல்லும் பாடம்

மெலனின் எவ்வாறு உண்டாகிறது? இதற்கு விடை எங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது. என் அம்மா எங்கள் பக்கத்துச் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்குக் காய் நறுக்கப் போவார்கள். வாழைப்பூவில் கள்ளனை நீக்கி நறுக்கியதும், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மோர் கலந்த தண்ணீரில் போடுவார்கள். ஏனம்மா என்றால், "இல்லாட்டிக் கறுத்துப் போகும்ல" என்பார்கள். இந்தச் சிறு வழக்கத்துக்குள் ஒரு பெரிய வேதியியல் அடங்கியிருக்கிறது.

வாழைப்பூவில் பீனால் வகைப் பொருள்கள் உண்டு. அதில் 'பாலிபீனால் ஆக்சிடேஸ்' என்ற நொதியும் உண்டு. முழுப் பூவில் இரண்டும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கத்தி பட்டதும் அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு நொதியானது பீனாலைக் குவினோன் ஆக்குகிறது. குவினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து கருநிறம் பெறுகின்றன.

நம் தோலிலும் இதே கதைதான். அங்கே பீனாலின் இடத்தில் இருப்பது டைரோசின் என்னும் அமினோ அமிலம். நொதியின் பெயர் டைரோசினேஸ். அது டைரோசினை டோபா என்ற பொருளாகவும், டோபாவை டோபாகுவினோனாகவும் மாற்றுகிறது. அதன்பின் பல படிகள் கடந்து மெலனின் உருவாகிறது. இரண்டு நொதிகளும் ஒரே குடும்பம். இரண்டின் மையத்திலும் இரண்டு செப்பு அணுக்கள் உள்ளன. டைரோசினேஸ் முதன்முதலில் அறியப்பட்டதே மனிதத் தோலில் அன்று. 1895-ஆம் ஆண்டில் பூர்க்கெலோ, பெர்ட்ராண்ட் என்ற பிரெஞ்சு அறிஞர்கள் வெட்டினால் கறுக்கும் ஒருவகைக் காளானில் அதைக் கண்டார்கள்.

நான் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். ஒரு வாழைக்காயை நறுக்கி, ஒரு துண்டைச் சும்மா தட்டில் வைத்தேன். ஒன்றைப் பச்சைத் தண்ணீரிலும், ஒன்றைப் புளித்த மோரிலும், ஒன்றை நெல்லிக்காய்ச் சாறு பிழிந்த நீரிலும் போட்டேன். மற்றொன்றைக் கொதிநீரில் முக்கி எடுத்துத் தட்டில் வைத்தேன். தட்டில் வைத்த பச்சைத் துண்டு விரைவில் கறுத்தது. தண்ணீரில் போட்டது மெதுவாகக் கறுத்தது. மற்ற மூன்றும் வெளுப்பாகவே இருந்தன. காரணம் எளிது. மோரின் புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. நெல்லியிலுள்ள வைட்டமின் 'சி' போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள், உண்டாகும் குவினோனை மறுபடி பழைய பொருளாகவே திருப்பிவிடுகின்றன. கொதிநீரோ நொதியாகிய புரதத்தையே குலைத்துவிடுகிறது.

நிறமாற்றத்துக்குப் பூசும் மூலிகைச் சாறுகளில் பெரும்பாலானவை முயல்வது இதைத்தான்: டைரோசினேஸின் வேகத்தைக் குறைப்பது, அல்லது குவினோனைத் திருப்புவது, அல்லது நொதியைத் தட்டி எழுப்பும் அழற்சியைத் தணிப்பது. ஏற்கெனவே படிந்த நிறமியை அவை கழுவி எடுப்பதில்லை. புதிய நிறமி குறைவாக உண்டாக, பழைய நிறமி தாங்கிய உயிரணுக்கள் மேலே வந்து உதிர வேண்டும். புறத்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே நேர்மையான எந்த மருந்தும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கேட்கும். மூன்று வாரத்தில் முகம் 'பளிச்'சிட்டால் மகிழாதீர்கள்; ஐயப்படுங்கள்!

மோரை முகத்தில் பூசினால் போதாதா?

வாழைப்பூவுக்கு உதவிய மோர் முகத்துக்கும் உதவாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நறுக்கிய பூவில் நொதி வெளியே கிடக்கிறது. தோலிலோ அது நிறமி உயிரணுவுக்குள்ளே, புறத்தோலின் அடித்தளத்தில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு மேலே கொழுப்புச் சாந்து பூசிய செங்கற்சுவர்போல் இறந்த உயிரணுக்களின் அடுக்கு நிற்கிறது. மூலக்கூறு எடை ஏறத்தாழ 500-க்கு மேற்பட்ட பொருள்கள் இந்தச் சுவரை எளிதில் கடப்பதில்லை. எடை குறைந்தவற்றிலும், நீரில் மட்டும் கரைவனவற்றைவிடக் கொழுப்பிலும் ஓரளவு கரைவனவே நன்றாக இறங்குகின்றன.

இந்த அளவுகோலால் நம் நலங்கு மாவைப் பார்ப்போம். பச்சைப் பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ் என்று வீட்டுக்கு வீடு சிறிது மாறும் கலவை அது. அதிலுள்ள பயற்றின் புரதமும் மாவுச்சத்தும் மிகப் பெரிய மூலக்கூறுகள். அவை தோலுக்குள் இறங்கா. ஆனால் எண்ணெயையும் அழுக்கையும் உதிரும் நிலையிலுள்ள உயிரணுக்களையும் வாரிக்கொண்டு போகும். குளித்தபின் முகம் தெளிவாகத் தோன்றுவது இதனால்தான். நலங்கு மாவு நல்ல குளியற்பொடி, மங்குக்கு மருந்தன்று. அதற்குரிய மதிப்பை அதற்குக் கொடுப்போம். இல்லாத ஆற்றலை ஏற்றிச் சொல்ல வேண்டாம். அழுத்தித் தேய்த்தால் அந்தத் தேய்ப்பே அழற்சியாகிக் கருமையைக் கூட்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆய்வில் தேறிய செடிகள்

அப்படியானால் எந்தச் செடிதான் உதவும்? ஆய்வுக்கூடம் ஓரளவு தேர்ச்சி கொடுத்தவை சில உண்டு.

முதலாவது அதிமதுரம். இதன் வேரில் மிகச் சிறிய அளவில் உள்ள கிளாப்ரிடின் என்ற பொருள் டைரோசினேஸைத் தடுக்கிறது. அதன் மூலக்கூறு எடை 324, கொழுப்பில் கரையும். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அரை விழுக்காடு கிளாப்ரிடினைக் கினிப்பன்றியின் தோலில் பூசிப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியபோது கருமையும் சிவப்பும் குறைந்ததைக் கண்டார்கள். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதிமதுரத்தை நாம் வீட்டில் நீரில் கொதிக்க வைத்தால் முக்கியமாக இறங்குவது அதன் இனிப்புப் பொருளான கிளிசிரைசின். கிளாப்ரிடின் நீரில் நன்றாகக் கரையாது. ஆல்கஹால் போன்ற கரைப்பான்களால்தான் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவதும், அளவிட்டுப் பிரித்த சாறும் ஒன்றாகா. 'எந்தச் செடி?' என்ற கேள்வியோடு 'எதில் கரைத்தது? எவ்வளவு?' என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இரண்டாவது, பட்டுப்பூச்சிக்கு இலை தரும் முசுக்கொட்டை. அதிலும் டைரோசினேஸைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. 2011-இல் வெளியான ஒரு பிலிப்பைன்ஸ் ஆய்வில், மங்கு உள்ள 50 பேரை இரு பிரிவாக்கி, எட்டு வாரம் ஒரு பிரிவுக்கு முசுக்கொட்டைச் சாறு கலந்த எண்ணெயும் மற்றதற்கு வெற்று எண்ணெயும் கொடுத்தனர். சாறு பெற்றவர்களுக்கு மங்கு கூடுதலாகக் குறைந்தது. நல்ல முறையில் செய்யப்பட்ட ஆய்வுதான். ஆனாலும் ஐம்பது பேர் என்பது சிறிய கூட்டமே.

மூன்றாவது சோற்றுக் கற்றாழை. அதன் அலோசின் என்ற பொருள் டைரோசினேஸோடு போட்டியிட்டு அதன் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நான்காவது நம் மஞ்சள். குர்க்குமினின் மூலக்கூறு எடை 368. அழற்சியைத் தணிப்பது அதன் தனித்திறம். மஞ்சள் புண்ணாற்றும் என்ற நம் பாட்டிமாரின் அறிவுக்கு அமெரிக்காவில் 1995-இல் காப்புரிமை வழங்கப்பட்டதும், நமது அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு வழக்காடி 1997-இல் அதை நீக்கச் செய்ததும் நாடறிந்த செய்தி. பருவின் வீக்கம் தணிந்தால் பின்வரும் கருமையும் குறையும் என்ற அளவில் மஞ்சளுக்கு ஓரிடம் உண்டு. ஆனால் ஏற்கெனவே விழுந்த மங்கை மஞ்சள் ஒன்றே போக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

இவற்றோடு, நாம் இகழும் தேமல் தந்த ஒரு மருந்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. தேமலை உண்டாக்கும் பூஞ்சை, கொழுப்பமிலங்களிலிருந்து அசெலாயிக் அமிலம் என்ற பொருளை உண்டாக்குகிறது. அது டைரோசினேஸைத் தடுக்கிறது. தேமல் பட்ட இடம் வெளுப்பது ஏன் என்று 1970-களில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்ததன் பயனாக அந்த அமிலம் இன்று மங்குக்கும் பருவுக்கும் மருந்தாக இருக்கிறது. கோதுமை, பார்லி முதலிய தானியங்களிலும் அது இயற்கையாக உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'இந்தச் செடியின் சாறு டைரோசினேஸைத் தடுக்கிறது' என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தச் சோதனைகளில் மிகப்பல காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸைக் கொண்டு சோதனைக்குழாயில் செய்தவை. காளான் நொதி மலிவாகக் கிடைப்பதே காரணம். மனித நொதி அதிலிருந்து சற்று மாறுபட்டது. காளானைத் தடுத்த பொருள் மனித நொதியைத் தடுக்காமலும் போகலாம். தடுத்தாலும் தோற்சுவரைக் கடவாமற் போகலாம். சோதனைக்குழாயில் வென்றது முகத்திலும் வெல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

செடி என்றால் தீங்கில்லையா?

'மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது' என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். இது பெரும் பிழை.

எலுமிச்சம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் சாற்றை முகத்தில் தேய்த்தால் நிறம் வெளுக்கும் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்! எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், பியூரனோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை படிந்த தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பலாம். கொப்புளம் ஆறினாலும் கருந்தடம் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள் நிற்கும். வெளுக்கப் பூசியது கறுப்பில் முடியும்! அதே குடும்பப் பொருளான சொராலென் கார்போகரிசியில் உண்டு. வெண்புள்ளியில் மறுபடி நிறம் வரச் செய்வதற்கு அந்த விதையை நம் மருத்துவர்கள் பழங்காலத்திலிருந்தே பயன்படுத்தி வருகிறார்கள். நிறத்தைக் கூட்டும் செடியும் உண்டு என்பதற்கு இது சான்று.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. அது தொடங்கியது செடியில் அன்று, தொழிற்சாலையில். 1939-இல் அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் பணியாளர் பலருக்குக் கைகளில் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. காரணம் தேடியபோது அவர்கள் அணிந்த ரப்பர் கையுறைகளில் சேர்த்திருந்த, ஹைட்ரோகுவினோன் வழிவந்த ஒரு பொருள் என்று தெரிந்தது. அதன் உருவம் டைரோசினை ஒத்தது. ஏமாந்த டைரோசினேஸ் அதையும் எடுத்துக் குவினோன் ஆக்க, அந்தக் குவினோன் நிறமி உயிரணுவையே கொன்றுவிடுகிறது. நம் நாட்டில் ஒட்டுப்பொட்டு வைக்கும் பெண்கள் சிலருக்கு நெற்றியில் வெண்மை விழுவதும் இவ்வாறே. பொட்டின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற பொருளே அதற்குக் காரணம்.

ரப்பரும் பசையும் செயற்கைப் பொருள்கள், இயற்கைப் பொருள் அப்படிச் செய்யாது என்பீர்களானால், ஜப்பானைப் பாருங்கள். சில மரப்பட்டைகளில் இயற்கையாக உள்ள ரோடோடென்ட்ரால் என்ற பொருளைக் கொண்டு கானெபோ என்ற புகழ்பெற்ற நிறுவனம் முகப்பூச்சுகள் செய்தது. அரசின் ஒப்புதலும் பெற்றது. ஆனால் பூசியவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள் விழவே, 2013 ஜூலையில் அந்நிறுவனம் அவற்றையெல்லாம் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்டோர் 19,000-க்கும் மேற்பட்டவர்கள். இந்தப் பொருளின் உருவமும் டைரோசினை ஒத்ததே.

நொதி, மூலக்கூறின் பிறந்த ஊரைக் கேட்பதில்லை. அதன் உருவத்தைத்தான் பார்க்கிறது. மரத்தில் பிறந்ததா, ஆலையில் பிறந்ததா என்பது அதற்குத் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே 'இயற்கை' என்ற சொல்லைக் கண்டு நாம் மயங்கமாட்டோம்.

இலைப் படத்துக்குப் பின்னே

இனி என் அக்காவைக் கெடுத்த வகைக்கு வருவோம். இங்கே குற்றவாளி மூலிகையே அன்று. மூலிகையின் பெயரில் ஒளிந்து வருவது. கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் முதலிய ஸ்டீராய்டுகள் தோல் நோய்களுக்கு நல்ல மருந்துகள். ஆனால் முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும்; இரத்தக் குழாய் தெரியும்; பருவும் மயிரும் கிளம்பும்; நிறுத்தினால் எரிச்சலும் கருமையும் திரும்பும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்திய நகரங்கள் பலவற்றில் முகத்தோல் நோய்க்காக மருத்துவரிடம் வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிவந்தது தெரிந்தது. தோல் மருத்துவர்கள் இடைவிடாது வலியுறுத்தியதன் பேரில், 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

மற்றொரு பகை பாதரசம். அது டைரோசினேஸைத் தடுத்து விரைவாக வெளுக்கச் செய்யும். ஆனால் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். அண்டை மாநிலமான கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021-க்கும் 2023-க்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஓர் ஆறுதல்.

நிறம் வெளுக்க வேண்டும் என்ற ஆசையை நமக்கு ஊட்டியதில் விளம்பரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', உலகெங்கும் எழுந்த கண்டனங்களுக்கிடையே 2020-இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயரை மாற்றினால் போதுமா, பெண் பார்க்க வருகிறவர்களின் மனமும் மாற வேண்டாமா என்பது வேறு கேள்வி.

வெயிலே முதற்பகை

எந்த மருந்தைப் பூசினாலும், வெயிலைத் தடுக்காவிட்டால் அது ஓட்டைப் பானையில் ஊற்றிய நீரே. நிறமி உயிரணுவை நாள்தோறும் தட்டி எழுப்புவது கதிரவன்தான். மங்கு உள்ளவர்களுக்குப் புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் கருமையைக் கூட்டும்.

இதை அறிந்தோ அறியாமலோ ஒரு நாடு நெடுங்காலமாகச் செய்துவருவது உண்டு. அது நம் செட்டிநாட்டுக்கு அயல்நாடும் அன்று. எங்கள் ஊரில் அம்மா வேலைக்குப் போகும் வீடு ஒன்றில், பர்மாவிலிருந்து வந்த ஒரு வட்டக்கல் இருக்கிறது. சந்தனக்கல் போன்றது, விளிம்பில் நீர் வடியப் பள்ளம் உண்டு. அந்த வீட்டு ஆச்சி, "பர்மாவிலே பொம்பளைக ஒரு மரப்பட்டையை இதுல உரைச்சுக் கன்னத்துல அப்பிக்கிட்டுத்தான் வெயில்ல போவாகளாம், எங்க அப்பச்சி சொல்லுவாக" என்றார்கள். அந்தப் பட்டைக்குத் தனக்கா என்று பெயர். எலுமிச்சை, வில்வம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமரம் அது. பட்டையிலுள்ள மார்மெசின் என்ற பொருள் புற ஊதாக் கதிரை ஓரளவு உறிஞ்சும் என்றும், பட்டைச் சாறு டைரோசினேஸையும் சிறிதளவு தடுக்கும் என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டின. பர்மியப் பெண்கள் வெளுப்பதற்கு முன்பே வெயிலைத் தடுத்தார்கள். வரிசை அதுதான் சரி.

செய்யத் தக்கவை

மேற்சொன்னவற்றைக் கொண்டு நாம் கடைப்பிடிக்கத் தக்க சிலவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

ஒன்று: வெயிலில் போகும்போது குடை பிடிக்க வேண்டும், முந்தானையோ துண்டோ முகத்தை மறைக்கட்டும். கையில் காசு இருப்பவர்கள் துத்தநாக ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்த வெயில் தடுப்புக் களிம்பைப் பூசலாம். குடைக்கு நாணப்படுகிற ஆண் நண்பர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

இரண்டு: எந்தச் சாற்றையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்தில் சில நாள் பூசிப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ கண்டால் முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம்.

மூன்று: களிம்பின் அட்டையில் உள்ள படத்தைப் பார்க்காமல், உள்ளடக்கம், செய்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண் ஆகியவற்றைப் படிக்க வேண்டும். 'சால்', 'சோன்' என்று முடியும் பெயர் கண்டால் டாக்டரைக் கேளாமல் தொடக்கூடாது. உள்ளடக்கமே அச்சிடாத களிம்பு எத்தனை மூலிகையானாலும் அதை வாங்கக்கூடாது.

நான்கு: ஹைட்ரோகுவினோன் போன்ற வலிய மருந்துகள் டாக்டரின் மேற்பார்வையில் குறித்த காலம் மட்டுமே பூசத்தக்கவை. பல ஆண்டுகள் பூசிய பெண்களுக்கு முகம் கருநீலம் பாரித்ததைத் தென்னாப்பிரிக்காவில் 1975-இலேயே கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள்.

ஐந்து: உணர்ச்சியற்ற வெளிர்த் திட்டு கண்டால் எதையும் பூசிக் காலம் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது தொழுநோயாக இருந்தால் முழுமையாகக் குணமாக்கும் மருந்து அங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

முடிவுரை

என் அக்காவுக்கு இப்போது எரிச்சல் நின்றுவிட்டது. டாக்டர் சொன்ன மருந்தைப் பூசுகிறாள். குடை இல்லாமல் வெளியே போவதில்லை. மங்கு முழுவதும் போகவில்லை, வெளிறியிருக்கிறது. "நீ படிச்சதை எழுதப் போறியா? அப்ப நான் பட்டதையும் எழுது, வேற யாரும் ஏமாற வேணாம்" என்று அவள் சொன்னதால்தான் வீட்டுச் செய்தியை இங்கே எழுதத் துணிந்தேன்.

நம் கல்லூரியில் என்னைப்போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பலர். ஊரில் நாம் வாங்கிக் கொடுக்கும் மருந்தையும், சொல்லும் சொல்லையும் நம்புவதற்கு வீட்டில் சிலர் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை பெரிது. ஆகவே நம் பொறுப்பும் பெரிது. ஆய்வுக்கூடத்தில் குடுவையின் மேல் ஒட்டிய சீட்டைப் படிக்காமல் நாம் எதையும் ஊற்றுவதில்லை. அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுசெல்வோம். அம்மாவின் மோர்த் தண்ணீரில் உள்ள அறிவை மதிப்போம். அதை ஆராய்ந்தும் பார்ப்போம். திட்டுக்கு மருந்து தேடுவோம். நிறத்துக்கு மருந்து தேட வேண்டாம். ஏனெனில் நிறம் நோயன்று!